வாசலைப் பார்த்த ரொட்டிக்காரர்

மோர்வால் நகரத்துப் பெரிய மாதா கோயிலில் அறுநூற்று நாற்பத்திரண்டு நாற்காலிகள் இருந்தன. 1921-ஆம் ஆண்டிலிருந்து அவை ஒனோரின் கோசாரின் பொறுப்பு. உட்காரும் இடம் வைக்கோல் பின்னல். தளர்ந்துபோனால் அவளே பிரித்து அவளே பின்னுவாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு சில்லறைக் காசை வாங்கிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார வைப்பாள்.

அவரவர் இடம் என்பது மோர்வாலில் சின்ன விஷயமில்லை. கோயில் ஜன்னல்களில் நிறைந்திருக்கும் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஊரின் தொழில்காரர்கள் ஆளுக்கொரு ஜன்னலாகக் காணிக்கை கொடுத்தார்கள். மேலே புனிதர்களின் கதை. அடிவரிசையில் கொடுத்தவர்களே தங்கள் வேலையில் இருப்பார்கள். செருப்புத் தைப்பவர் ஊசியோடு, மாமிசம் வெட்டுபவர் கத்தியோடு, ரொட்டிக்காரர் அடுப்புக்குள் ரொட்டி தள்ளும் துடுப்போடு. செருப்புத் தைப்பவர் வம்சம் செருப்பு ஜன்னலின் வெளிச்சம் விழும் இடத்தில்தான் உட்காரும். கல்யாணப் பேச்சு வந்தால் மோர்வாலில் முதல் கேள்வியே, "அவங்க எந்த ஜன்னல்?" என்பதுதான்.

வெளிச்சமோ ஒரே இடத்தில் விழுவதில்லை. டிசம்பரில் தூணைத் தாண்டி நீளும், ஜூனில் சுவரோரமாகச் சுருங்கும். அதனால் ஒனோரின் மாதத்துக்கு ஒருமுறை நாற்காலி வரிசைகளைச் சாண் சாணாக நகர்த்துவாள். எந்த மாதம் எந்த நாற்காலியில் நீலம், எதில் சிவப்பு என்பது அவளுக்கு மனப்பாடம்.

இத்தனைக்கும் அவள் ஜன்னல் இல்லாதவள். அப்பா ரயில்வே கேட்காரர், வெளியூரிலிருந்து வந்தவர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ரயில் ஏது, ஜன்னல் கொடுக்க? 1919-இல் ரொட்டிக்காரர் ஃபிர்மன் கோசாரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு ஒரு ஜன்னல் வாய்த்தது. தெற்குப் பக்கம் நான்காவது. அதன் அடியில் வெள்ளைக் குல்லாய் போட்ட ரொட்டிக்காரர் பலிபீடம் இருக்கும் திசையைப் பார்த்தபடி நிற்பார். அந்தத் திசையில் இருக்கும் தூணடிதான் ஒனோரின் உட்காரும் இடம். ஆகவே அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். அவருக்குக் கொஞ்சம் பெரிய மூக்கு. ஃபிர்மனுக்கும் அதே மூக்கு. ஊரே சொல்லிச் சிரிக்கும்.

மாமிசக் கடை மதாம் லெகாம் பக்கத்து வரிசை. வாய் நீளம். "என்ன இருந்தாலும் ஒனோரின், நீ கல்யாணத்துல வந்த ஜன்னல்தானே" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். ஒனோரின் பதில் பேசமாட்டாள். ஃபிர்மன்தான் அவளுக்காகத் திருப்பிக் கொடுப்பான்: "மதாம், எங்க ஆளு பலிபீடத்தப் பாக்குறாரு. உங்க ஆளு கல்லாவத்தானே பாக்குறாரு?" மாமிசக் கடை ஜன்னலில் இருப்பவரும் மெய்யாகவே காசுப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை கேட்டாலும் இதற்குச் சிரிப்பு எழும்.

1939-இல் போர் வந்துவிடும் என்பது உறுதியானதும் கண்ணாடிகளை இறக்கிவிட முடிவாயிற்று. ஆகஸ்ட் 26, சனிக்கிழமை வேலை தொடங்கியது. ஈயப் பட்டியால் கோத்த கண்ணாடிகளைப் பலகை பலகையாகக் கழற்றினார்கள்; மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. தச்சர்கள் பெட்டி செய்தார்கள். பசை காய்ச்ச ரொட்டிக் கடைக்காரர்கள் மாவு கொடுத்தார்கள். வைக்கோலைப் பற்றி ஒனோரினுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பதால் பெட்டியில் அடுக்கும் வேலையும், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதும் வேலையும் அவளிடம் வந்தன.

கண்ணாடி மேஸ்திரி பொர்தியே முதல் நாளே எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "ஜன்னல் எண், வரிசை எண், இடம். மூணும் சீட்டுல இருக்கணும். சீட்டை உள்பக்கம் மட்டும்தான் ஒட்டணும். ஏன்னா முகம், கண்ணு, துணி மடிப்பு எல்லாம் உள்பக்கம்தான் வரைஞ்சிருக்கு. திருப்பி மாட்டினா மழை அத நக்கித் தின்னுடும். நான் செத்தே போனாலும், எவனோ ஒருத்தன் சீட்டைப் பாத்துச் சரியா மாட்டணும். புரியுதா?"

"புரியுது மேஸ்திரி" என்றாள் ஒனோரின். "நாற்காலிக்கும் அப்படித்தான்."

"எப்படி?"

"உக்கார்ற பக்கம் எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஸிப்ரியன் மட்டும் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

இறக்கிய பலகையை மரச்சட்டத்தில் நிறுத்துவார்கள். உள்பக்கம் ஒனோரினின் மேசையைப் பார்த்திருக்கும். அவள் சீட்டை எழுதி, நாலு மூலையிலும் விரல் நுனியால் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டுவாள். மாவை வீணாக்க அவளுக்கு மனசு வராது. பிறகு வைக்கோல், பெட்டி, மூடி.

எட்டாம் நாள், செப்டம்பர் 2, ரொட்டிக்காரர் ஜன்னலின் முறை. அன்றுதான் படைக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள். ஃபிர்மனுக்கு நாற்பத்தாறு வயது. துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை, ராணுவ ரொட்டிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பதினொன்று நாற்பதுக்கு ரயில். முதுகில் மூட்டையும் கையில் கடைசி மாவுப் பையுமாகக் கோயிலுக்குள் வந்தான்.

அந்த நேரத்தில் சட்டத்தில் நின்றது அந்தக் குல்லாய்க்காரரின் பலகைதான். இரண்டடிக்கு இரண்டடி, சரியான சதுரம். ஃபிர்மன் நேராக அதற்குப் பின்னால் போய், கண்ணாடி முகத்தோடு தன் முகத்தை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஒனோரினுக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூக்கு தெரிந்தது.

"ஒனோ, இப்ப சொல்லு. மூக்கு யாருக்குப் பெருசு? எனக்கா, இவருக்கா?"

"தள்ளி நில்லுய்யா. மேஸ்திரி பாத்தா ரெண்டு மூக்கையும் ஒடைச்சுருவாரு."

"எழுநூறு வருசமா அடுப்பு முன்னாடி நிக்கிறாரு மனுசன். ஒரு ரொட்டிகூடக் கருகல. வீட்டுல பொண்டாட்டி திட்டாம இருந்தா வேல இப்படித்தான் நடக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அழக்கூடாது என்று இறுக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. எழுதின சீட்டு கையிலேயே இருக்க, மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனாள். அவன் அவள் விரல்களிலிருந்து சீட்டை உருவிக்கொண்டான்.

"இத நான் ஒட்டுறேன். எங்க வீட்டு ஆளு."

தூரிகையைப் பசையில் முக்கி, அடுப்பில் வைக்கும் முன் ரொட்டிக்கு முட்டை பூசுகிற மாதிரி நடுவிலிருந்து ஓரம் வரை நாலு இழுப்பு இழுத்தான். சீட்டை வைத்து உள்ளங்கையால் தடவினான்.

"எவ்வளவு பசை! ஒரு ரொட்டிக்கு ஆகுற மாவு."

"கெட்டியா இருக்கட்டும். திரும்பி வர எத்தன நாளாகுமோ."

அப்போது பதினொன்று அடித்தது. அவன் கழுத்துப் பட்டனை அவள் போட்டுவிட்டாள். மேற்கு வாசல் வரை கூடப் போனாள். திரும்பி வந்தபோது அடுத்த பலகை இறங்கிக் காத்திருந்தது. சீட்டு மேலே தெரியும்படி ரொட்டிக்காரரை வைக்கோலில் கிடத்தி மூடியை வைத்தாள். அன்று முழுவதும் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஃபிர்மன் 1940 ஜூன் 17 அன்று லுவார் ஆற்றுப் பாலத்தருகே குண்டு விழுந்து இறந்தான். மாவு வண்டிக்குப் பக்கத்தில் இருந்தானாம். ஆகஸ்டில் கடிதம் வந்தது.

பெட்டிகள் எட்டு ஆண்டு தெற்கே ஒரு கல் குவாரிக்குள் இருந்தன. கோயில் ஜன்னல்களில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது. உள்ளே எங்கே பார்த்தாலும் ஒரே வெளுத்த வெளிச்சம். வருகிறவர்கள் தங்கள் இடம் தெரியாமல் நடுவழியில் நின்றார்கள். ஒனோரின் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நீலம் இங்கே, சிவப்பு இங்கே என்று இல்லாத நிறங்களின்படி நாற்காலிகளை மாதாமாதம் நகர்த்தினாள். மதாம் லெகாம்கூட ஒருநாள் பெருமூச்சு விட்டாள்: "எல்லாரும் ஒரே நிறமாப் போயிட்டோம். யாரு யாருன்னே தெரியல போ."

1948 வசந்த காலத்தில் பலகைகள் திரும்பின. ஒன்றுகூட உடையவில்லை. பொர்தியேவின் தாடி வெளுத்திருந்தது. பிடிவாதம் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை, மாதா விண்ணேற்புத் திருவிழா அன்று எல்லா ஜன்னல்களையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதாக ஏற்பாடு. ஒனோரினின் சீட்டுகளில் ஒரு பிழைகூட இல்லை என்பதைப் பிரசங்கத்திலேயே சொல்லப்போவதாகப் பங்குக் குரு சொல்லியிருந்தார். ஜன்னல் இல்லாத ரயில்வே கேட்காரர் மகளுக்கு இதைவிடப் பெரிய பேச்சு வேறென்ன வேண்டும்? அவள் திருவிழாவுக்காகக் கறுப்புச் சட்டையை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக்காரர் ஜன்னலை ஆகஸ்ட் 9 அன்று மாட்டி முடித்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒனோரின் தூணடியில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நீலம் மடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

ரொட்டிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பத் தயாரான ஆளைப் போல.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். ஸிப்ரியனைக் கூப்பிட்டாள்.

"ஸிப்ரியன், இவரு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரு, முன்னாடி?"

ஸிப்ரியன் தலையைச் சாய்த்து ஒரு தடவை, நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார். "வாசலப் பாத்துத்தான். எப்பவும் அப்படித்தானே நிப்பாரு."

"பலிபீடத்தப் பாத்து நின்னாரு. ஃபிர்மன் சொல்லுவாரே."

"ஃபிர்மன் மதாம் லெகாம மடக்குறதுக்காக என்ன வேணா சொல்லுவான். இரு, ரொட்டிக்காரங்க கொடி உள்ள இருக்கு. அதுல இவரு படம்தான் தச்சிருக்கு. பாத்துரலாம்."

ஊர்வலக் கொடியைக் கொண்டுவந்து விரித்தார். ரொட்டிக்காரர் இடப்பக்கம் பார்த்தார். கொடியைத் திருப்பினால் அந்தப் பக்கமும் தைத்திருந்தது. அங்கே வலப்பக்கம் பார்த்தார்.

"போச்சு. ரெண்டு பக்கமும் சாட்சி சொல்றாரு" என்றார் ஸிப்ரியன்.

புகைப்படம்? பெரிய சித்திரங்களைத்தான் படம் பிடித்திருந்தார்கள். அடிவரிசையைச் சாரத்துப் பலகைகள் மறைத்துவிட்டன.

ஒனோரின் தூணடிக்குத் திரும்பினாள். அந்தக் கடைசி அரைமணி நேரத்தை அவள் ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் நினைத்திருக்கிறாள். அவன் மூக்கை, அவன் சொன்னதை, கழுத்துப் பட்டனை. நின்ற இடத்தை நினைத்ததே இல்லை. இப்போதுதான் நினைத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போனேனே. அவன் பக்கம் போனேனே. அங்கே நின்றுதானே ஒட்டினான்?

சீட்டு வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறது. மேஸ்திரி சீட்டை நம்பி மாட்டியிருக்கிறார்.

அன்று மாலை பின்னல் வேலையில் கை ஓடவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு போய்விடும். அது போகட்டும். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளிடம் மிச்சமிருப்பதே அதுதான். சொன்னால் அது ஒரு காகிதத்தில் ஏறி, யார் யார் கையிலோ புரளும். போகட்டும், அவர் வாசலைப் பார்த்தே நிற்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த மூக்கு வெறும் கோடு. தூரிகையால் இழுத்துச் சுட்ட கோடு. இப்போது அது வெளியே இருக்கிறது. அக்டோபரில் மழை தொடங்கிவிடும். வியாழக்கிழமை சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். பிரித்துவிட்டால் பிறகு யாரும் ஏறப்போவதில்லை.

புதன்கிழமை மதியம் பொர்தியே சாரத்தின் அடியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"மேஸ்திரி, ரொட்டிக்காரரத் திருப்பி மாட்டியிருக்கு."

அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். "மதாம் கோசார், இரண்டாயிரத்து முந்நூத்துப் பதினேழு. ஒவ்வொண்ணும் சீட்டுப்படி. உங்க சீட்டு."

"சீட்டுதான் தப்பு."

"உங்க சீட்டு தப்பாகாது. குருவே சொல்லப்போறாரு."

"எழுத்து சரி. ஒட்டின பக்கம் தப்பு. நான்தான் ஒட்டினேன், வெளிப்பக்கம்."

பொர்தியே கத்தியை மடக்கினார். முகம் சிவந்திருந்தது. "நாளைக்குச் சாரம் எறங்குது. இப்ப வந்து சொல்றீங்க! எனக்கு என்ன, மறுபடியும் ஈயத்த ஒடைச்சு விளையாடணும்னு ஆசையா?" என்று எழுந்து போனவர், ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். கழற்றிய சீட்டுகளை எல்லாம் ஜன்னல்வாரியாகக் கட்டி வைத்திருந்தார். தெற்கு நான்கு. கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் நாலு மூலையில் நாலு சிறு கறை. ஒன்றில் மட்டும் பின்பக்கம் முழுக்கப் பசை, காய்ந்து மரப்பட்டை மாதிரி.

அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஞாபகம் இருக்கு. எடுக்க அரை மணி நேரம் ஊற வச்சேன். யாருடா இது, ரொட்டிக்கு முட்டை பூசின மாதிரின்னு திட்டிக்கிட்டே எடுத்தேன்." நிமிர்ந்தார். "எழுத்து உங்களுது. பசை உங்களுது இல்ல."

ஒனோரின் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"சரி, வாங்க மேல."

பதினொரு படி. முதலில் அவர், பின்னால் ஒனோரின், பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. ரொட்டிக்காரரின் முகம் எதிரே வந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பொர்தியே கண்ணை மூடிக்கொண்டு நடுவிரல் நுனியால் அந்த முகத்தின் மேல் மெல்லத் தடவினார். புருவம், மூக்கு, தாடை. மறுபடியும் மூக்கு.

"கோடு தட்டுப்படல" என்றார். "குழி குழியா இருக்கு. இது மழையில நனைஞ்ச முதுகு." கண்ணைத் திறந்தார். குரல் இறங்கியிருந்தது. "நாலஞ்சு மாசமா இங்க நிக்கிறேன். கையால தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணல. சீட்டு இருக்கே, சீட்டு இருக்கேன்னு இருந்துட்டேன்."

"என்னாலதான்."

"நிஜமா யாரு ஒட்டினது? நீங்க இன்னும் சொல்லல. பதிவேட்டுல எழுதணும். எழுதாம நான் எதையும் திருப்ப மாட்டேன்."

அந்தச் சாரத்தின் மேல், பலகையில் உட்கார்ந்து, ஒனோரின் சொன்னாள். மூக்கை, மாவுப் பையை, நாலு இழுப்பை. பட்டனைச் சொல்லவில்லை.  சொல்லி முடித்ததும் பொர்தியே காதிலிருந்து பென்சிலை எடுத்து, பதிவேட்டைத் தொடையில் வைத்து எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினார்: "தெற்கு நான்காம் ஜன்னல், அடிவரிசை, இரண்டாம் பலகை. சீட்டு வெளிப்பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் ஃபிர்மன் கோசார், ரொட்டிக்காரர், மோர்வால். 1939 செப்டம்பர் 2, காலை பத்தரை மணி."

"பத்தரை இல்ல மேஸ்திரி" என்றாள் ஒனோரின். "பதினொண்ணு அடிக்கப் போற நேரம்."

அவர் அடித்துவிட்டுத் திருத்தினார்.

"தப்பு செஞ்சவர்னு பேரு வந்துருச்சே அவருக்கு" என்றாள்.

"ரொட்டிக்காரங்க ஜன்னல் கொடுத்தாங்க. கொடுத்தவன் ஒருத்தன் பேராவது நமக்குத் தெரியுமா? இதுல இவரு பேரு மட்டும்தான் இருக்கு. இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலை பலகையைத் திருப்பி மாட்டினார்கள். சாரம் மாலையில்தான் இறங்கியது. ஞாயிறு பிரசங்கத்தில் பங்குக் குரு சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வந்தபோது, ஒனோரின் கேட்டுக்கொண்டபடி, பிழையே இல்லை என்று சொல்லாமல், ஒரு பிழை, அதுவும் திருத்தப்பட்டது என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பத்தே கால் மணிக்குத் தெற்கு வெயில் ஏறி நீலம் தூணடிக்கு வந்தது. ஒனோரின் நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டிக்காரரும் பார்த்தார்.

ஸிப்ரியன் காணிக்கைப் பையோடு குனிந்து கிசுகிசுத்தார்: "பாத்தியா, எப்பவும் பலிபீடத்தத்தான் பாப்பாருன்னு நான் அன்னிக்கே சொன்னேனே."

பக்கத்து வரிசையிலிருந்து மதாம் லெகாம் கழுத்தை நீட்டினாள். "ஏன் ஒனோரின், அந்த ஒரு பிழையும் உங்க ஜன்னல்லதானாமே?"

இதற்குப் பதில் சொல்ல ஃபிர்மன் இல்லை. ஒனோரின் மடியிலிருந்த கைகளைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமா மதாம், எங்க ஜன்னல்லதான்" என்றாள். "ஆனா பாருங்க, எங்க ஆளு பலிபீடத்தப் பாக்குறாரு. உங்க ஆளு இன்னும் கல்லாவத்தானே பாக்குறாரு?"